பழைய மாஸி 241-க்குப் புது வண்டியின் ஏசி கேபின் பொருந்துமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. வீட்டில் 2003 மாடல் மாஸி 241 டிராக்டர் இருக்கிறது. சொந்தக் காடு போக வெளி உழவுக்கும் ஓடுகிறது. ஓட்டுவது உங்கள் அப்பா. வயது அறுபதைத் தாண்டிவிட்டது, செம்மண் புழுதியில் ரொட்டேவேட்டர் (சுழல் கலப்பை) ஓட்டிவிட்டு வந்தால் இரவெல்லாம் இருமல். பழைய இரும்புக் கடை ஒன்றில், விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய 55 எச்.பி. வண்டியின் ஏசி கேபின் கண்ணாடிகூட உடையாமல் கிடக்கிறது. அதை வாங்கி நம் வண்டியில் ஏற்றிவிடலாமா என்கிறீர்கள். வார்த்தையில் கேட்டது கேபின் பொருந்துமா என்பது. உள்ளே இருப்பது, வண்டியை விற்காமல் அப்பாவைப் புழுதியிலிருந்தும் வெயிலிலிருந்தும் காப்பாற்ற வழி உண்டா என்பது. முதல் கேள்விக்கு என் பதில், அந்தக் கேபினை வாங்காதீர்கள். இரண்டாவதற்கு வழி உண்டு, ஆனால் நீங்கள் நினைத்த வழி அல்ல.

மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, இருபத்திரண்டு வருடமாக டிராக்டர் பட்டறையில் இருக்கிறேன். திறந்த வண்டிகளுக்குப் பின்னாளில் கேபின் போட்ட மூன்று வேலைகளில் கை வைத்திருக்கிறேன். அதில் ஒன்றை நானே ஏற்றி, நானே இறக்கினேன். உங்கள் வண்டியையும் அந்தக் கேபினையும் நேரில் பார்க்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டுகிறவரைச் சுற்றி நிற்கும் ஒரு இரும்புச் சட்டம், வண்டி கவிழ்ந்தால் தாங்குமா தாங்காதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல என்னாலும் முடியாது, எந்த வெல்டராலும் முடியாது. அது சோதனைக்கூடத்து வேலை.

முதலில் உட்காரும் இடத்தைப் பாருங்கள். உங்கள் 241-இல் ஓட்டுகிறவர் குதிரைமேல் உட்காருவது போல கியர்பாக்ஸின் இரண்டு பக்கமும் காலைத் தொங்கப்போட்டு உட்காருகிறார். இரண்டு கியர் ராடும் கால்களுக்கு நடுவே, கியர்பாக்ஸின் வெளிக்கூடான ஹவுசிங்கிலிருந்து நேராக எழும்புகின்றன. கிளட்ச் இடப்பக்கம், பிரேக் வலப்பக்கம், இரண்டுக்கும் நடுவில் வார்ப்பிரும்பு. தளம் என்று ஒன்றே கிடையாது, பாதம் வைக்க இரண்டு பலகை மட்டும்தான். கேபினோடு வரும் புது வண்டியில் அப்படி இல்லை. கேபினுக்கென்று தட்டையான தளம் உண்டு, அது கியர்பாக்ஸுக்கு மேலே ஒரு மேசை மாதிரி நிற்கும். கியர் லீவர்கள் பக்கவாட்டில் வந்துவிடும். ஸ்டீயரிங் வால்வு கேபினுக்குள்ளேயே இருக்கும், அங்கிருந்து முன் அச்சுக்கு ஹோஸ் மட்டும் போகும். உங்கள் வண்டியிலோ ஸ்டீயரிங் தண்டு ஹவுசிங்கின் மேலேயே நிலையாக நிற்கிறது. புதுக் கேபினின் தளம் எந்த உயரத்தில் வருகிறதோ, அந்த உயரத்துக்கு ஸ்டீயரிங், கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர், இரண்டு கியர் ராடு, வலக்கைப் பக்கம் இருக்கும் ஹைட்ராலிக் லீவர்கள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு லேத் வேலை. பிரேக் ராடை வெட்டி நீட்டி வெல்டிங் வைத்த வண்டியில் என் அப்பாவை நான் ஏற்றமாட்டேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன்.

தளத்தை வெட்டி எறிந்துவிட்டுச் சட்டத்தையும் கண்ணாடியையும் மட்டும் மாட்டினால் என்ன என்று உங்கள் வெல்டர் சொல்வார். எல்லா வெல்டரும் சொல்வார்கள். அங்கேதான் உயிர் போகிற விஷயம் இருக்கிறது. கேபின் என்பது மழைக்கும் வெயிலுக்கும் போட்ட கூரை மட்டுமல்ல, வண்டி உருண்டால் ஓட்டுகிறவரைச் சுற்றி நிற்கிற கூண்டு. இதை உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தது சுவீடன். புது டிராக்டர் என்றால் பாதுகாப்புச் சட்டம் இருந்தே ஆகவேண்டும் என்று அங்கே 1959-இல் கட்டாயமாக்கினார்கள். அந்தக் காலத்துச் சோதனையில் இரண்டு டன் எடையைச் சங்கிலியில் ஊசலாக இழுத்துவிட்டுச் சட்டத்தில் மோதவைப்பார்கள். இப்போது பெரும்பாலும் ஹைட்ராலிக் ஜாக்கியால் மெல்லத் தள்ளி, சட்டம் எவ்வளவு சக்தியை உள்வாங்குகிறது என்று அளக்கிறார்கள். கணக்கு வண்டியின் எடையை வைத்து வரும். பக்கவாட்டுத் தள்ளலுக்குக் கிலோவுக்கு 1.75 ஜூல். அப்புறம் மேலிருந்து, வண்டி எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையில் அமுக்குவார்கள். இதற்கெல்லாம் சட்டம் வளையலாம், ஆனால் ஆள் உட்காரும் இடத்துக்குள் நுழையக் கூடாது.

நீங்கள் கெட்டிக்காரர் என்றால் இங்கே மடக்குவீர்கள். அந்தக் கேபின் 55 எச்.பி. வண்டிக்குச் சோதித்தது, நம்முடையது அதைவிட எடை குறைந்த வண்டி, அப்படியானால் தாராளமாகத் தாங்கும்தானே? குழாய்கள் தாங்கும், சரிதான். ஆனால் சோதித்தது குழாயை மட்டுமல்ல. கேபின், அதைத் தாங்கும் பிராக்கெட், போல்ட், அந்த வண்டியின் பின் அச்சு ஹவுசிங் எல்லாம் சேர்த்து ஒன்றாகத்தான் சோதித்தார்கள். தளத்தை வெட்டிய நிமிடமே அது வேறு பொருள். அதன் நான்கு கால்களும் உங்கள் வண்டியில் எங்கே உட்காரும்? பின்னால் இரண்டு கால், பின் அச்சை மூடியிருக்கும் ட்ரம்பெட் ஹவுசிங்கில் வரவேண்டும். முன்னால் இரண்டுக்கு உங்கள் வண்டியில் இடமே கிடையாது, புதிதாக பிராக்கெட் செய்ய வேண்டும். செய்கிறவர்கள் பெரும்பாலும் மட்கார்டில் சாய்த்துவிடுவார்கள், அல்லது ஹவுசிங்கில் துளை போடுவார்கள், இல்லாவிட்டால் அதிலேயே வெல்டிங் வைப்பார்கள். மட்கார்டு தகரம். ஹவுசிங் வார்ப்பிரும்பு, அதில் சாதாரண வெல்டிங் வைத்தால் பக்கத்திலேயே மயிரிழை விரிசல் ஓடும். இன்றைக்குத் தெரியாது, இரண்டு வருடம் கழித்து எண்ணெய் கசியும்போது தெரியும்.

அது விபத்து வண்டி என்பதும் இன்னொரு சிக்கல். மோதியது மட்டும்தானா, உருண்டதா? கடைக்காரர் சொல்வதை நம்பாதீர்கள், டேப்பை எடுத்து நீங்களே பாருங்கள். கதவுச் சட்டத்தின் மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்கு ஒரு அளவு, எதிர்ப்பக்க மூலைகளுக்கு ஒரு அளவு. அதே கேபினின் மறுபக்கக் கதவுச் சட்டத்திலும் எடுங்கள். இரண்டு பக்க அளவும் ஒத்துவராமல் ஒரு விரல் அளவுக்கு வித்தியாசம் வந்தால் சட்டம் முறுக்கியிருக்கிறது. கதவு கைப்பிடியைத் தூக்கித் தூக்கிச் சாத்த வேண்டியிருந்தாலும் அப்படித்தான். ஒருமுறை வளைந்த பாதுகாப்புச் சட்டத்தை நிமிர்த்திப் பயன்படுத்தக் கூடாது, அதன் வேலை அன்றோடு முடிந்துவிட்டது. கண்ணாடி உடையாததை வைத்துச் சட்டம் நல்ல நிலையில் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது. மாற்றுக் கண்ணாடி எங்கும் கிடைக்கிறது.

அடுத்தது எடை. இந்த வகை கேபின்கள் ஏசியோடு சேர்த்து 250 முதல் 400 கிலோ வரை வரும். உங்கள் வண்டி இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் கீழே. ஆறில் ஒரு பங்கு எடையைத் தூக்கித் தலைக்குமேல் வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரப்பு ஏறும்போதும் வாய்க்கால் ஓரமாகத் திரும்பும்போதும் அது தெரியும். சமதளக் காட்டில் பெரிய வித்தியாசம் இருக்காது. தொழி உழவு (சேற்று உழவு) உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் கேபினை மறந்துவிடுங்கள். கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்ட வண்டி சேற்றில் எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. தவிர, சேற்றில் பக்கவாட்டில் சாய்ந்தால் கதவு சேற்றை எதிர்த்துத் திறக்காது. அதற்காகத்தான் கம்பெனிக் கேபினில் கதவு மட்டுமல்லாமல் பின் கண்ணாடியும் திறக்கும்படி வைக்கிறார்கள். பட்டறையில் செய்கிறவர்கள் பின் கண்ணாடியை ரப்பர் போட்டு ஒட்டிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். தென்னந்தோப்புக்குள் உழுவதாக இருந்தால் உயரத்தையும் யோசியுங்கள். நெட்டை மரத் தோப்பில் பிரச்சினை இல்லை, குட்டை ரகத்தில் மட்டை கூரையில் அடித்துக்கொண்டே வரும்.

நான் ஏற்றி இறக்கிய கதையைச் சொல்கிறேன். வைக்கோல் கட்டும் பேலரை வாடகைக்கு ஓட்டுகிறவர் ஒருவர், தன் பழைய 50 எச்.பி. வண்டிக்கென்றே அளவெடுத்து வெளிமாநிலத்தில் செய்த கேபினை வாங்கி வந்தார். உங்கள் யோசனையைவிட நல்ல யோசனைதான், அந்த மாடலுக்கென்றே செய்தது. செயின் பிளாக்கில் தூக்கி ஒன்றரை நாளில் மாட்டினோம். கேபினின் காலுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே ரப்பர் புஷ் தரவில்லை, நேராக இரும்பின்மேல் இரும்பு. ஸ்டார்ட் செய்து கதவைச் சாத்தியதும் அவர் உடனே கதவைத் திறந்துவிட்டார். தகர டிரம்முக்குள் உட்கார்ந்திருக்க, யாரோ வெளியே தட்டுகிற மாதிரி இருந்தது. பிரிட்டனிலும் இதே கதைதான். 1970-இல் புது வண்டிகளுக்குப் பாதுகாப்புக் கேபினைக் கட்டாயமாக்கினார்கள், உருண்டு சாவது குறைந்தது, காது போயிற்று. 1976-இல் ஓட்டுநர் காதருகே 90 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று இன்னொரு விதி கொண்டுவந்த பிறகுதான் ரப்பர் மவுன்ட்டும் உள்ளே ஒலி உறிஞ்சும் பஞ்சுத் தகடும் வந்தன. எங்கள் ஆளுக்கு ரப்பர் வைத்து, கியர் ராடுக்கு ரெக்சின் உறை தைத்து, தளத்துக்கு மேட் போட்டு ஓரளவு சரிசெய்தோம்.

அதற்குப் பிறகு கிளட்ச் பிளேட் போயிற்று. திறந்த வண்டி என்றால் காலையில் பிரித்தால் மாலையில் சேர்த்துவிடலாம். கேபின் இருந்ததால் மூன்று நாள் ஆனது. ஏசி வாயுவை (கேஸ்) இறக்கி, ஹோஸைக் கழற்றி, ஒயரிங்கைப் பிரித்து, கேபினை முன்பக்கம் முட்டுக்கொடுத்துத் தூக்கி, அப்புறம்தான் எஞ்சினையும் ஹவுசிங்கையும் பிரிக்க முடிந்தது. உங்கள் மாஸியில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஹைட்ராலிக் பம்ப் வெளியே இல்லை, ஹவுசிங்குக்குள்ளேயே, பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டில் ஓடுகிறது. லிஃப்ட் தூக்கவில்லை என்றால் சீட்டைக் கழற்றி, அதன் கீழே இருக்கும் டாப் கவரைச் செயினில் மேலே தூக்கித்தான் பார்க்க வேண்டும். கேபின் தளத்தில் அதற்குத் திறப்பு இல்லாவிட்டால், ஒரு வாஷர் மாற்றுவதற்கும் கேபினை இறக்க வேண்டியதுதான். அந்தப் பேலர்காரர் இரண்டாவது கிளட்ச் வேலையின்போது, இறக்கின கேபினைத் திரும்ப ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது அது அவருடைய காட்டில் காவல் குடிசை. ஃபேன் மாட்டியிருக்கிறார்.

ஏசியைப் பற்றியும் கொஞ்சம். நம் ஊரில் ஏசி இல்லாத கண்ணாடிக் கேபின் அடுப்பு, அதனால் ஏசி இல்லாமல் கேபின் என்ற பேச்சே வேண்டாம். கம்ப்ரசர் சுமார் மூன்று, நான்கு எச்.பி.யை எடுத்துக்கொள்ளும். 42 எச்.பி. வண்டியில் ஆறடி ரொட்டேவேட்டர் ஓட்டும்போது அது நன்றாகவே தெரியும். ஏசியின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சரை ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் ரேடியேட்டருக்குச் சூடான காற்றுதான் போகும், கூளம் வேறு அடைக்கும். கூரையில் வைப்பதுதான் நல்லது. மின்சாரத்தையும் கூட்டிப் பாருங்கள். புளோயருக்குப் பன்னிரண்டு ஆம்பியர், கண்டென்சர் ஃபேனுக்குப் பதினைந்து வரை, கம்ப்ரசர் கிளட்சுக்கு நான்கு, லைட்டுக்குப் பத்து. நாற்பதைத் தாண்டுகிறது. உங்கள் வயது வண்டிகளில் நான் அதிகம் பார்த்தது 36 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்தான். கழற்றி மாற்றிக்கொள்ளலாம், பெரிய செலவில்லை, ஆனால் செய்யாமல் விட்டால் மாலை வேலையில் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். ஏசி ஒயரைச் சாவி சுவிட்சிலிருந்து எடுக்கவே கூடாது, பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸ், ரிலே வைத்து எடுக்க வேண்டும்.

இருமலுக்கு வருகிறேன், இதற்காகத்தானே கேட்டீர்கள். கேபின் புழுதியைத் தடுப்பது கண்ணாடியால் அல்ல. வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளி, உள்ளே அழுத்தத்தைக் கொஞ்சம் கூடுதலாக வைப்பதால்தான் இண்டு இடுக்கு வழியாகக் காற்று வெளியே போகிறதே தவிரப் புழுதி உள்ளே வருவதில்லை. பிரித்துச் சேர்த்த கேபினில் தளத்தில் லீவர் ஓட்டைகள், கதவு ரப்பர் என்று இருபது இடத்தில் ஓட்டை இருக்கும். அழுத்தம் நிற்காது. அப்போது நீங்கள் செய்திருப்பது புழுதியை ஒரு பெட்டிக்குள் சேர்த்துச் சுற்றவிட்டது மட்டும்தான். தளம் சரியாக அடைபடாவிட்டால் எஞ்சினின் பிரீத்தர் (மூச்சுக்குழாய்) விடும் புகையும் உள்ளே ஏறும். மருந்து தெளிப்பதற்கும் கேபின் போதும் என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண ஃபில்டர் தூசியைப் பிடிக்கும், மருந்தின் ஆவியைப் பிடிக்காது. அதற்குக் கரி ஃபில்டர் வேண்டும், ஐரோப்பியத் தரத்தில் கேபின்களை நான்கு வகையாகப் பிரித்து நான்காவது வகையை மட்டுமே ஆவிக்கு ஏற்றதாகச் சொல்கிறார்கள்.

சட்டப்பக்கம் சுருக்கமாக. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உங்கள் மாற்றம் அதற்குள் வருகிறதா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும், இன்ஷூரன்ஸ் ஏஜென்ட்டிடம் எழுத்தில் வாங்கியும் தெரிந்துகொள்ளுங்கள். இதில் பட்டறைக்காரன் பேச்சைக் கேட்காதீர்கள், என் பேச்சையும் சேர்த்துத்தான்.

சரி, என்ன செய்யலாம்? உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் 241-க்கென்றே செய்து, சோதனைச் சான்று உள்ள இரட்டைக் கால் பாதுகாப்புச் சட்டத்தைப் பின் அச்சில் சரியான தர போல்ட்டில் மாட்டி, அதோடு சீட் பெல்ட்டையும் போடுவேன். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்யும். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் போட்டால் ஆளை வண்டிக்கு அடியில் கட்டிவைத்த மாதிரி ஆகிவிடும். சட்டத்தின்மேல் டாப் போட்டால் வெயிலுக்கு ஆயிற்று. புழுதிக்கு என்95 மாஸ்க், தலைத்துண்டு அல்ல. துண்டு வழியாக நுண்ணிய மண் போய்விடும். காதுக்கு மஃப். ரொட்டேவேட்டரின் பின் தகட்டை நன்றாக இறக்கிவிட்டு, மண்ணில் கொஞ்சம் ஈரம் இருக்கும்போது ஓட்டினால் பாதிப் புழுதி எழும்பவே எழும்பாது. அப்பாவை ஒருமுறை நெஞ்சு டாக்டரிடமும் காட்டிவிடுங்கள், இருமலுக்குக் காரணம் புழுதி மட்டும்தான் என்று நானோ நீங்களோ முடிவு செய்ய வேண்டாம்.

வெளி உழவு வருடத்தில் பல நூறு மணி நேரம் ஓடுகிறது, கேபின் இல்லாமல் முடியாது என்றால், 241-ஐ விற்றுக் கையில் இருப்பதைச் சேர்த்து, கம்பெனியிலேயே கேபினோடு வந்த வண்டியைப் பழசாக வாங்குங்கள். மாற்றங்கள் செய்யாத 241-க்கு எங்கள் பக்கம் எப்போதும் ஆள் இருக்கிறது. கேபின் ஏற்றி ராடுகளை வெட்டிய 241-ஐ வாங்க வருகிறவர் முதலில் கேட்பது, பழைய மட்கார்டு இருக்கிறதா என்றுதான்.

அப்புறம் ஒன்று. இரும்புக் கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தீர்கள். அது வீணாக வேண்டாம். அந்தக் கேபினுக்குள் இருக்கும் சீட் ஸ்பிரிங் சஸ்பென்ஷனோடு, எடைக்கேற்பத் திருகி வைத்துக்கொள்ளும் வகையாக இருந்தால், முன்பணத்துக்கு அதை மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒரு தகடு வெட்டி இடைவைத்து 241-இல் மாட்டலாம். மாட்டும் முன் சீட் முழுக்க அமுங்கிய நிலையிலும் முழுக்க எழும்பிய நிலையிலும் அப்பாவை உட்காரவைத்து, கிளட்ச் கடைசிவரை எட்டுகிறதா, வலது முழங்கை ஹைட்ராலிக் லீவரில் இடிக்கிறதா என்று பாருங்கள். சீட்டின் அடித்தகட்டில் இருக்கும் நான்கு துளைகளின் அளவை இங்கே போட்டால் தகட்டுக்கு வரைபடம் போட்டுத் தருகிறேன்.